அரளி கறுக்கும் நேரம்

பூக்குடலையை அப்படியே போட்டுவிட்டுப் பூதலிங்கம் நந்தவனத்திலிருந்து மேலே ஏறி வந்தார். ஓடாமல் நடந்து வருவதற்கு அவர் பட்ட பாடு தெரிந்தது.

அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கோலப்பன் நிமிர்ந்தான். மடத்துக்குச் சமைப்பவன்.

"பூ எங்க, அண்ணாச்சி?"

"கிடக்கு."

"கிடக்கா. அப்ப சாமியை எந்திரிச்சுப் போயி எடுத்துக்கிடச் சொல்லுவோம்."

பூதலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார். "அவன் நிக்கான்."

"எவன்?"

"கீழ் மதில்கிட்ட. துண்டு போட்டவன்."

கோலப்பன் எட்டிப் பார்த்தான். நந்தவனம் சரிவாக இறங்கிக் கல்மதிலில் முடிந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"மதில்தான் தெரியுது."

"நேராப் பாத்தா இருக்க மாட்டான். அந்த வேம்பைப் பாரு. அதையே பாத்துக்கிட்டு இரு. ஓரத்துல நிப்பான்."

"ஆளைப் பாக்கணும்னா மரத்தைப் பாக்கணும். பொண்ணு பாக்கப் போனவன் சுவத்தப் பாத்த கதையால்லா இருக்கு."

பூதலிங்கம் சிரிக்கவில்லை.

பேச்சுக் குரல் கேட்டு உலகம்மை அகல்விளக்கோடு வெளியே வந்தார். மடம் அவர் பொறுப்பில் இருந்தது. பூதலிங்கத்தைவிடப் பதினாறு வயது இளையவர். முன்பு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி இங்கே வந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

"அரளி பறிச்சாச்சா?"

"போனேம்மா. செடி இருக்கு. பூவைக் காணல."

மடத்தில் அந்திப் பூசைக்குச் செவ்வரளிதான். வெயில் இறங்குமுன் அதைப் பறித்துவிட வேண்டும் என்பது வழக்கம். பிந்திப் போனால் நந்தியாவட்டை கிடைக்கும், சங்குப்பூ கிடைக்கும், அரளி கிடைக்காது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பிந்திப் போய் வெறும் குடலையோடு திரும்புவார்கள். பூதலிங்கம் வந்து ஆறு மாதத்தில் ஒருநாளும் பிந்தியதில்லை. இன்று மத்தியானம் ஒரு கடிதம் வந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மை விளக்கோடு இறங்கிப் போனார். பூதலிங்கம் பின்னால் போனார். விளக்கைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்ததும் கொத்துக் கொத்தாக அரளி சிவந்தது.

"இங்கதானே இருக்கு."

"இல்லம்மா. இந்த இடத்துலதான் நின்னேன். செடியில அங்கங்க ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. கறுப்பா."

"பறியும்," என்றார் உலகம்மை. மதில் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்ததும் பூதலிங்கம் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார்.

"வாசிங்க."

"நீரே சொல்லும்."

பூதலிங்கம் சொன்னார். வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாதது.

அவர் ரயில்வேயில் கேட்மேனாக இருந்தவர். முப்பத்தொரு வருஷம், பெரும்பாலும் ஒரே கேட். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம், சாயங்காலம் மணி ஆறரை. பாசஞ்சர் வரும் நேரம். கேட்டை மூடிவிட்டு நின்றபோது தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெண் நடந்து போனதைப் பார்த்தார். நூறு தப்படி தூரம். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள். வண்டி போனபிறகு அவள் உடல் கிடந்தது. தலையில் இருந்த காயம் வண்டி அடித்ததல்ல என்று சொன்னார்கள். பின்னால் போனவன் தோளில் சிவப்புத் துண்டு இருந்தது என்று பூதலிங்கம் சாட்சி சொன்னார். அந்த ஊரில் சிவப்புத் துண்டு போடுகிறவன் ஒருவன்தான். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் சொரிமுத்து. செத்தவளின் புருஷன். அவனுக்கு ஆயுள் தண்டனை ஆனது.

"வேற சாட்சி?"

"கிடையாது. நான்தான்."

"கடுதாசி யாரு?"

"அவன் மக. செண்பகம்னு பேரு. வெள்ளிக்கிழமை மதுரையில அப்பீல் எடுக்காங்களாம். நான் நேர்ல வந்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கணுமாம். அன்னைக்கு நான் பாத்தது நிசமாவே சிவப்புதானா, இல்லையான்னு. சிவப்புதான்னா இனிமே எழுதவே மாட்டேன்னு போட்டிருக்கா."

"இன்னைக்குச் செவ்வாய்."

"ஆமா."

"இதுல என்கிட்ட என்ன கேக்கீரு?"

பூதலிங்கம் கடிதத்தை மடித்தார். "அன்னைக்கு மறுநாள்ல இருந்து அந்தியில வந்து நிக்கான்மா. கேட்ல நின்னான். ரிட்டயர் ஆனப்பறம் வீட்டுக் கொல்லையில நின்னான். இங்க வந்து ஆறு மாசமா நான் அந்தியில வெளிய வாரதே இல்லை. இன்னைக்கு வந்தேன், நிக்கான். அவன் எதுக்கு வாரான்?"

"சிவப்புத் துண்டோடயா?"

"சிவப்புத் துண்டோடதான்."

"முகம்?"

"முகம் தெரியல."

உலகம்மை திரியைச் சற்று உள்ளே இழுத்தார். வெளிச்சம் குறைந்தது.

"கோர்ட்ல இதக் கேக்கலையா? இருட்டுல எப்படி நிறம் தெரிஞ்சதுன்னு."

"கேட்டாங்க. அவன் வக்கீல் கேட்டாரு. நான் சொன்னேன், ரயில்வேக்காரங்க என் கண்ணைச் சோதிச்சுச் சோதிச்சுத்தான் வச்சிருக்காங்க, சிவப்பு தெரியாதவன் கேட்ல ஒருநாள் நிக்க முடியாதுன்னு. ஜட்ஜே தலையாட்டினாரு."

"அங்க உமக்கு என்னத்தக் காட்டிச் சோதிப்பாங்க?"

"விளக்கு. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சொல்லிருவேன். கும்மிருட்டுலயும் சொல்லுவேன்."

"விளக்கு தன் சிவப்பைத் தானே கொண்டுவந்திரும்," என்றார் உலகம்மை. "துணிக்கு வெயில் வேணும். சேலை வாங்க வாரவ கடைக்குள்ள பாத்துட்டுச் சும்மா விட மாட்டா. வாசலுக்குத் தூக்கிக்கிட்டுப் போயி வெளிச்சத்துல ஒருக்காப் பாப்பா."

"தெரியும். என் வீட்டுக்காரியும் அப்படித்தான்."

"ஒருத்தி வந்தா. மக செத்துப் பதினஞ்சு நாள். மக கடைசியாக் கட்டியிருந்த சேலை மாதிரியே ஒண்ணு வேணும்னா. மாம்பழ நிறம், கொஞ்சம் சிவப்பு ஓடும்னு சொன்னா. நான் எடுத்துப் போட்டேன். எல்லாத்தையும் வாசலுக்குக் கொண்டுபோனா. இது இல்ல, இது இல்லன்னு திரும்ப வந்தா. நாலு நாள் வந்தா. சேலையோட ஒரு துண்டு இருந்தாக் கொண்டாங்க, நிறம் பாத்து எடுத்துத் தாரேன்னேன். அஞ்சாம் நாள் முந்தானையைக் கிழிச்சுக் கொண்டுவந்தா. மக உடம்புல கிடந்த அதே சேலை."

"உம்."

"அதை வாசல் வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பிறவு என் கையில குடுத்துட்டு, இதுவும் இல்லன்னா."

அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றிருந்தது. கோலப்பனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு அந்தியில நாம நந்தவனத்துல இருப்போம்," என்றார் உலகம்மை.

மறுநாள் வெயில் இருக்கும்போதே இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்தார்கள். எதிரே அரளி. அதை ஒட்டி வேலியில் சங்குப்பூக் கொடி. இன்றைக்கு அரளியை உலகம்மை ஒரு செடியில் மட்டும் பறிக்காமல் விடச் சொல்லியிருந்தார்.

"பேச வேண்டாம். பாத்துக்கிட்டு இரும்."

வெயில் மதிலில் ஏறி, வேம்பில் ஏறி, உச்சிக் கிளையிலிருந்து போயிற்று. மலைக்கு மேல் வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. அரளி கனத்துச் சிவந்திருந்தது. பகலில் இருந்ததைவிட அதிகச் சிவப்பாகக்கூடத் தோன்றியது.

பூதலிங்கம் இமைத்தார். எப்போது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சங்குப்பூ முன்னைவிட வெளிச்சமாக இருந்தது. யாரோ ஒவ்வொரு பூவுக்கு உள்ளேயும் ஒரு பொட்டுப் பால் விட்டதுபோல. இலைகள் சாம்பலாகி, ஆனால் தெளிவாக இருந்தன.

"அரளி என்ன நிறம்?" என்றார் உலகம்மை.

"சிவப்பு."

"பாத்துச் சொல்லும். தெரிஞ்சதைச் சொல்லாதேயும்."

பூதலிங்கம் பார்த்தார். கொத்துக்கள் இருந்த இடத்தில் செடியைக் கிள்ளி எடுத்ததுபோல் குழிகள் இருந்தன. குழிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"கறுப்பு," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "கறுப்பு."

"மத்ததெல்லாம் இருக்கா?"

"இருக்கு. சங்கு நல்லாத் தெரியுது. வேட்டி தெரியுது. உங்க கை தெரியுது."

"சிவப்புதான் முதல்ல போகும். தினம் போகுது. இத்தனை நாளும் நீரு அதுக்கு முன்னாலயே மடத்துக்குள்ள போயிருவீரு."

பூதலிங்கம் தன் தோளிலிருந்த காவித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடுப்படிக் கரித்துணிபோல இருந்தது. அதை மடியில் வைக்காமல் படியில் தள்ளி வைத்தார்.

"ஆனா அவன் துண்டு சிவப்பாத்தான் இருந்ததும்மா. இப்பவும் அப்படித்தான் இருக்கு. அது மட்டும் எப்படி?"

"நிக்கானா?"

அவர் வேம்பின் அடிமரத்தைப் பார்த்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார். 

"நிக்கான்."

"சரி. நான் கீழ போயி அவன் பக்கத்துல நிக்கேன்."

"வேண்டாம்மா."

"தோள்ல ஒரு துண்டு போட்டுக்கிடுதேன். நீரு கண்ணை மூடி நூறு எண்ணும். பிறவு எப்பவும் பாக்குற மாதிரியே பாரும். என் துண்டு என்ன நிறம்னு சொன்னாப் போதும்."

பூதலிங்கம் கண்ணை மூடினார். செருப்பு சரளையில் அரைபட்டுக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. எண்ணத் தொடங்கினார். பத்துக்குமேல் சத்தம் இல்லை. அறுபதில் எங்கோ ஒரு பறவைக் கூட்டம் கத்திக்கொண்டு மலையைத் தாண்டியது. நூறு.

கண் திறந்தார். இருட்டு ஒரு படி இறங்கியிருந்தது. வேம்பைப் பார்த்தார்.

இரண்டு பேர் நின்றார்கள்.

எப்போதும் நிற்பவன் இடத்தில் அவன். அவனுக்கு வலப்பக்கத்தில், தோளுக்கு இருக்கும் உயரத்தில், ஒல்லியாக இன்னொரு உருவம். தலையைச் சற்றுச் சாய்த்து நிற்கும் உலகம்மையின் நிற்பு. இருவரும் பேசிக்கொள்வதுபோல் நெருங்கி இருந்தார்கள். அந்த உருவத்தின் தோளில் துண்டு கிடந்தது.

"தெரியுதும்மா," என்று கீழே கேட்கும்படி உரக்கச் சொன்னார். "சிவப்பு. நம்ம காவித் துண்டு."

"நல்லாப் பாத்தீரா?"

குரல் அவர் பிடரிக்குப் பின்னால் ஒரு முழத்திலிருந்து வந்தது.

பூதலிங்கம் திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உலகம்மை அவருக்குப் பின்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தோளில் ஒன்றும் இல்லை.

"பத்து அடிதான் போனேன். புல்லு வழியாத் திரும்பிட்டேன்."

பூதலிங்கம் அவர் வெறுந்தோளையே பார்த்தார்.

"அரளி கறுப்புன்னீரு," என்றார் உலகம்மை. "சொன்ன வாய் இன்னும் காயல. இந்தச் சிவப்பை எங்கருந்து எடுத்தீரு?"

"நீங்க போறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"துண்டு போடுதேன்னு சொன்னீங்க. இங்க எல்லாத் துண்டும் காவிதானே."

"ஆமா."

"நான் பாத்தேம்மா. நினைக்கல. பாத்தேன்."

"பாத்தீரு. அதுல பொய் இல்ல."

கீழே மறுபடியும் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. உலகம்மை காத்திருந்தார். கடைசியில் பூதலிங்கம் வேம்பின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அந்தப் பொம்பளை இல்ல," என்றார். "போயிட்டா."

"மத்தவன்?"

"நிக்கான்."

"அவனை அங்க போகச் சொன்னது நான் இல்ல."

"தெரியும்."

"தோளைப் பாரும்."

பூதலிங்கம் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்தால் போய்விடுவானோ என்று துடைக்காமல் பார்த்தார். தோள் இருந்தது. கழுத்து இருந்தது. தலை இருக்கும் இடத்தில் அரளி இருந்த இடத்தைப் போல ஒரு குழி.

"துண்டைக் காணல," என்றார்.

பிறகு தானாகவே பேசினார்.

"அன்னைக்கு ஏட்டு வந்தாரு. பின்னால போன ஆள் என்ன போட்டிருந்தான்னு கேட்டாரு. தோள்ல துண்டு மாதிரி என்னமோ கிடந்ததுன்னேன். சிவப்பான்னு கேட்டாரு."

"நீரு?"

"ஆமான்னேன். அவரு கேட்டப்பறம் எனக்கு நல்லாத் தெரிஞ்சது. அதுக்கு முன்னால…" நிறுத்தினார். "அதுக்கு முன்னால எப்படி இருந்ததுன்னு இப்ப எடுக்க முடியல. சிவப்பாத்தான் வருது."

உலகம்மை செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவன் நல்லவன் இல்லம்மா," என்றார் பூதலிங்கம் அவசரமாக. "குடிச்சிட்டு அவளை அடிப்பான்."

"பாத்திருக்கீரா?"

"ஊரே சொல்லும்."

"ஊரு சொல்லட்டும். உம்மகிட்ட கோர்ட்டு கேட்டது துண்டை."

"ஏழு வருஷம் உள்ள இருந்துட்டான். இப்பப் போயி எனக்கு நிறம் தெரியலன்னு சொன்னா, என்னை விடுவாங்களா? பொய்ச் சாட்சின்னு என்னையும் உள்ள போட்டா?"

"போட்டாலும் போடுவாங்க."

"நீங்க போன்னு சொல்லுதீங்களா?"

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அதுவும் உமக்குச் சிவப்பாத் தெரியும்."

அவர் எழுந்து போய்விட்டார். பூதலிங்கம் படியிலேயே இருந்தார். கோலப்பன் சாப்பிடக் கூப்பிட வந்தான். வந்தவன் கொஞ்ச நேரம் நின்று வேம்பைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ரசம் ஆறிப்போகும், அண்ணாச்சி," என்றான். கேலி ஒன்றும் சொல்லவில்லை.

விடியுமுன் பூதலிங்கம் மறுபடி அதே படியில் வந்து உட்கார்ந்தார். மதிலடியில் யாரும் இல்லை. முதலில் நந்தியாவட்டை வந்தது. பிறகு இலைகள். சங்குப்பூ வந்தது. அரளி குழியாகவே கிடந்தது. அவர் இமைக்காமல் இருக்கப் பார்த்தார். கிழக்கே வெளுத்து, காகம் கத்தி, வெகுநேரம் கழித்து, குழிகளின் விளிம்பில் ஏதோ கசிந்தது. அது சிவப்பு என்று சொல்ல அவர் வாயெடுத்தார், சொல்லவில்லை. வெயில் செடியில் விழும்வரை காத்திருந்தார்.

அடுப்படிக்கு வந்தபோது காவி இல்லை. வந்த அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பெட்டியில் கிடந்து மடிப்புக் கோடுகள் பழுத்திருந்தன. உலகம்மை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கோலப்பன் இன்னொரு தட்டை வைத்து ஊற்றினான். மதுரை பஸ் எட்டு மணிக்கு அடிவாரத்தில் வரும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாதிக் கஞ்சியில் பூதலிங்கம் நிமிர்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அப்படின்னா அன்னைக்கு அவளுக்குப் பின்னால யாருமே போகலையா? அதுவும் நானாப் பாத்ததா?"

உலகம்மை தட்டைக் கீழே வைத்தார்.

"காயம் வண்டி அடிச்சது இல்லன்னு நீரே சொன்னீரு. ஆள் இருந்தான். துண்டைப் போட்டுவிட்டதுதான் நீரு."

பூதலிங்கம் மிச்சக் கஞ்சியைக் குடித்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்று சட்டையை இழுத்துச் சரிசெய்தார். நெஞ்சுக்கு நேரே ஒரு பித்தான் அறுந்துபோயிருந்தது. கோலப்பன் தன் அரைஞாணில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டினான். பூதலிங்கம் அதை வாங்கிக் குத்திக்கொண்டார்.